முரளிக்கு, டகோமா டயர் விஷயமாக

அன்புள்ள முரளி,

உன் கடிதங்களுக்குப் பதில் போடாமல் இருந்ததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா உன்னை விசாரித்தாள். குரு இன்னும் அந்தப் பழைய பரோட்டா கதையை விடவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு இனியும் சும்மா இருக்க முடியாது.

உன் டொயோட்டா டகோமா பிக்கப்பில், வண்டியைத் தூக்கி நிறுத்தும் மூன்று இஞ்ச் லிஃப்ட் ஏற்றிவிட்டாய். 17×8.5 (இஞ்சில் விட்டமும் அகலமும்), ஜீரோ ஆஃப்செட் ரிம் பார்த்து வைத்திருக்கிறாய். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் மாட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது; பிளஸ் கூடினால் சக்கரம் உள்ளே போகும். அதில் 285/70 R17 டயர் (285 மி.மீ. அகலம், பக்கச் சுவர் உயரம் அதில் 70 சதவீதம், 17 இஞ்ச் ரிம்) போட்டால் "இனி உரசாதுதானே?" என்று கேட்கிறாய். உரசும் ராஜா. நன்றாகவே உரசும்.

லிஃப்ட் உயர்த்துவது வண்டி நிற்கும் உயரத்தைத்தான். பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கும்போது சக்கரம் எதுவரை மேலே வரும் என்பதை பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர்த் தடுப்பு தீர்மானிக்கிறது. அதை நீ தொடவில்லை. அதனால் நின்ற இடத்தில் நாலு விரல் இடைவெளி தெரிந்தாலும், அமுங்கியவுடன் டயர் பழைய இடத்துக்கே வந்து நிற்கும், இப்போது பெரிய உடம்போடு. அதைவிட முக்கியம், உரசப்போவது மேலே இல்லை, பின்னால். முன் சக்கரத்துக்குப் பின்னே ஃபிரேமிலிருந்து கேபினைத் தாங்க ஒரு இரும்புத் தாங்கி நீட்டிக்கொண்டிருக்கிறதே, கேப் மவுண்ட், அங்கேதான். லிஃப்ட் அந்த இடைவெளியை ஒரு மில்லிமீட்டர்கூட நல்லபடியாகக் கூட்டாது.

கணக்குப் போட்டுப் பார். உன் டகோமாவின் டிஆர்டி ஆஃப்ரோடு மாடலுக்குக் கம்பெனி கொடுத்தது 265/70 R16, விட்டம் 777 மி.மீ. 285/70 R17 என்றால் 831. ஆரத்தில் வித்தியாசம் 27 மி.மீ. அந்த 27-ம் பின்னால் கேப் மவுண்டை நோக்கிப் போகிறது. அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஸ்டாக் ரிம்மின் ஆஃப்செட் +30. நீ ஜீரோவுக்குப் போனால் சக்கரத்தின் நடு 30 மி.மீ. வெளியே தள்ளப்படுகிறது. ஸ்டியரிங்கை ஒடித்தால் சக்கரம் திரும்புவது, அதை மேலும் கீழும் பிடித்திருக்கும் பால் ஜாயின்ட் என்ற இரண்டு உருண்டை மூட்டுகளின் அச்சில். வெளியே தள்ளிய சக்கரத்தை ஒடிக்கும்போது அது நின்ற இடத்திலேயே சுழலாமல் வளைந்து நகர்கிறது. இடது பக்கம் முழுசாக ஒடித்தால் இடது சக்கரம் பின்னால் போகும், வலது சக்கரம் முன்னால் போகும். உள்வளைவுச் சக்கரம் சுமார் 35 டிகிரி திரும்புகிறது என்று வைத்துக்கொள், 30 மி.மீ.க்கு 17 மி.மீ. பின்னோக்கி நகரும். 27-ம் 17-ம் 44. எதிர்ப் பக்கம் முன்னால் போன சக்கரம் பம்பரின் கீழ்ப் பிளாஸ்டிக்கைக் கவ்வும். கடைக்காரன் ஜீரோ ஆஃப்செட் என்றால் "ஸ்டான்ஸ் சூப்பர்" என்றுதான் சொல்வான், இந்த 17 மி.மீ.யைச் சொல்ல மாட்டான்.

அதற்காக +30-லேயே 285 போடவும் முடியாது. டயரின் உள்விளிம்பு 10 மி.மீ. உள்ளே போய் சக்கரத்தை மேலே தாங்கும் அப்பர் ஆர்மை நெருங்கும். நடுவில் ஒரு வழி இருக்கிறது: டொயோட்டாவின் ஃபோர்ரன்னர் எஸ்யூவிக்கு 2024 வரை வந்த 17×7.5, +15 ரிம். அதே ஆறு போல்ட், 139.7 மி.மீ. வட்டம். உள்ளே ஸ்டாக்கைவிட 5 மி.மீ. கூடுதல் இடம், பின்னோக்கிய நகர்வும் 9 மி.மீ.க்குள். 285-க்கு 7.5 இஞ்ச் அகலம் குறைந்தபட்ச அளவு, ஆனால் அனுமதிக்கப்பட்டதுதான். வேறு ரிம்மே வேண்டும் என்று அடம் பிடித்தால் நட்டைப் பார்த்து வாங்கு. டொயோட்டாவின் அலாய் ரிம்முக்கு வாஷர் வைத்த தட்டை நட்டு, வெளிக் கம்பெனி ரிம்முக்குப் பெரும்பாலும் கூம்பு நட்டு, M12×1.5. மாற்றிப் போட்டால் கழன்று வரும். 83 அடி-பவுண்டு டார்க், 50 மைல் ஓடியபின் மறுபடி ஒரு தடவை.

இப்போது அலைன்மென்ட். லிஃப்ட் போட்டதும் காஸ்டர், அதாவது அந்த ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், குறைந்திருக்கும், அதனால்தான் ஹைவேயில் வண்டி அலைகிறது என்கிறாய். காஸ்டரை இரண்டு விதமாகத் திரும்பக் கொண்டுவரலாம்: மேல் பால் ஜாயின்ட்டைப் பின்னால் இழுக்கலாம், கீழே உள்ளதை முன்னால் தள்ளலாம். முதலாவதில் சக்கரமும் கொஞ்சம் பின்னால் வரும், இரண்டாவதில் முன்னால் போகும். உனக்கு வேண்டியது இரண்டாவது. கீழே தாங்கும் லோயர் ஆர்மின் கேம் போல்ட்டை, அதாவது திருப்பினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்டை, சக்கரம் முன்னே போகும்படி வைத்து, காஸ்டர் மூன்று டிகிரிக்குக் குறையாமல் கொண்டுவரச் சொல். "ஸ்பெக்குக்குள் இருக்கு" என்று பச்சைக் கட்டம் காட்டினால் விடாதே, எந்தப் பக்கம் தள்ளினார்கள் என்று கேள். ஸ்டாக் அப்பர் ஆர்மோடு மூன்று வராவிட்டால்தான் வேறு ஆர்ம் வாங்க வேண்டும்.

பிறகு கத்தி. மட்ஃப்ளாப் போகட்டும். சக்கரக் குழிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையான ஃபெண்டர் லைனரை ஹீட் கன் காட்டி இளக்கிப் பின்னால் அழுத்து, கிளிப் விடுகிற இடத்தில் ஸ்க்ரூ போடு. லைனருக்குப் பின்னால் இரண்டு தகடு சேர்ந்து நிற்கும் மடிப்பு இருக்கும், சுத்தியலால் தட்டிப் படுக்க வைத்து உடனே பெயிண்ட் அடி. பம்பரின் கீழ் மூலையையும் வெட்டு. இவ்வளவுக்கும் பிறகு இடிப்பது கேப் மவுண்ட் மட்டும் என்றால் அதன் முன் மூலையை ஒரு இஞ்ச் அளவுக்கு வெட்டி, ரெடிமேட் பிளேட் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டிவிட்டுத் திறந்தபடி விடுகிறவர்கள் உண்டு, அதைப் போல முட்டாள்தனம் இல்லை. பலமும் போகும், சேறு உள்ளே தங்கித் துரு பிடிக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்று, தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும்.

எவ்வளவு வெட்டுவது என்று கண்ணால் முடிவு செய்யாதே. ஃபிரேமை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்வே பார் (வண்டி சாயாமல் தடுக்கும் கம்பி) லிங்கையும் காயில்ஓவரையும் (ஸ்பிரிங் சேர்ந்த ஷாக்) கழற்றி, பெரிய டயரை மாட்டு. லோயர் ஆர்மின் கீழே ஜாக்கி வைத்துப் பம்ப் ஸ்டாப் அமுங்கும்வரை தூக்கு. அந்த நிலையில் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்லத் திருப்பு, படுகிற இடமெல்லாம் சாக்பீஸ் கோடு போடு. பாதி உயரத்திலும் ஒருமுறை செய், கேப் மவுண்ட் அங்கேதான் அதிகம் மாட்டும். 12 மி.மீ.யாவது இடைவெளி விடு, ஏனென்றால் பிரேக் அடிக்கும்போது புஷ் ரப்பர் நெளிந்து சக்கரம் இன்னும் பின்னால் வரும். வீட்டு வாசலில் வட்டம் அடித்துப் பார்த்து "க்ளியர்" என்று படம் போடுகிறவர்களுக்கு இது தெரியாது. ஜாக்கியை இறக்கிச் சக்கரம் முழுசாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடுகிறதா என்றும் பார்.

பெரிய டயரில் ஸ்பெடோமீட்டர் 70 காட்டினால் நீ போவது கிட்டத்தட்ட 75. போலீஸ்காரரிடம் இந்தக் கணக்கு செல்லாது. ஓடோமீட்டரும் குறைவாகவே எண்ணும், ஆகவே மைலேஜ் விழுந்ததாகத் தெரிவதில் ஒரு பங்கு வெறும் கணக்கு. மீதி நிஜம்: 3.91 ஆக்ஸில் கியர் விகிதம் இப்போது 3.66 மாதிரி இழுக்கும், ஏற்றத்தில் ஆட்டோமேட்டிக் கியர் தேடித் தவிக்கும். ஸ்டெப்னியையும் அதே அளவில் வாங்கு. பழைய 265-ஐப் பின்னால் மாட்டி 4×4 போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

ஒன்று சீரியஸாகச் சொல்கிறேன். நீ போகப்போவது யூட்டாவின் மோவாப் பக்கம் இருக்கும் வைட் ரிம் ரோடு, சுமார் 100 மைல் மண்பாதை. அதற்கு 33 இஞ்ச் டயர், அதாவது இந்த 285, தேவையே இல்லை. 265/70 R17 எடு. ஆரத்தில் 13 மி.மீ.தான் கூடும், அந்த +15 ரிம்மில் லைனரைக் கொஞ்சம் தள்ளினால் பெரும்பாலும் போதும், வெல்டிங் பேச்சே வராது. அந்தப் பாதையிலுள்ள ஷேஃபர் இறக்கத்தின் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு இறங்குவாய். ஒரு பக்கம் பாதாளம். அந்த நேரத்தில் டயர் இரும்பைக் கடிக்கும் சத்தம் வந்தால் பக்கத்தில் உட்காரப்போவது நான் இல்லை, உன் மாமனார்.

ரிம் ஆர்டர் போய்விட்டதா, இன்னும் ரத்து செய்யலாமா என்று மட்டும் உடனே எழுது. குழந்தைகளுக்கு என் அன்பு.

உன்,
சேகர்