சபா பட்டியலுக்குப் பக்கத்தில் அரைப் பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் மார்கழி இசைச் சிறப்பிதழை முழுவதும் படித்தேன். எந்தச் சபாவில் என்றைக்கு யார் பாடுகிறார்கள் என்பதில் தொடங்கி, எந்த கேன்டீனில் என்ன டிபன் என்பது வரை ஒன்று விடாமல் போட்டிருக்கிறீர்கள். வானொலி என்ற சொல் மட்டும் ஒரே ஓர் இடத்தில் வந்தது. அதுவும் ஒரு பாடகரின் தாத்தா வீட்டில் கிடந்த பழைய சாமானாக! துறையூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது உறுத்தத்தான் செய்யும். எங்களுக்குச் சபாவே அந்தப் பெட்டிதான்.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதம் தொடங்கப்பட்டது. சென்னைக்கு அடுத்து ஓராண்டுக்குள் வந்துவிட்டது. டிக்கெட் வாங்கவும் ரயிலேறவும் வசதியில்லாத வீடுகளுக்கு நாகசுரத்தையும் வீணையையும் கொண்டுவந்து சேர்த்தது அதுதான். திருவையாறு ஆராதனையன்று தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தும் நேரடியாக ஒலிபரப்பாகும்போது நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகம் முடிகிறவரை எங்கள் தெருவில் சில வீடுகளிலாவது சமையல் தாமதமாகும். இது பழம்பெருமை. நான் சொல்ல வந்தது இன்றைய சங்கதி.

கர்நாடக இசை நிகழ்ச்சிகளை வழங்கும் வட்டார அறிவிப்பாளர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அவர் தற்காலிக அறிவிப்பாளர். மாதத்தில் சில நாட்கள்தான் பணி. என் பாராட்டு அவருக்குச் சங்கடமாகிவிடக் கூடாது. பாடல், ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம் வாசிப்பவர்கள் என்று வானொலி அறிவிப்புக்கு ஒரு வரிசை உண்டு. இந்த அம்மையார் அந்த வரிசையைக் கலைக்காமல் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்வார்.

ஒரு மாலை ஆபோகி ராகத்தில் ‘சபாபதிக்கு வேறு தெய்வம்’ ஒலித்து முடிந்தது. அடுத்து ஸ்ரீரஞ்சனியில் பாபநாசம் சிவனின் ‘காண வேண்டாமோ’. நடுவில் அவர் சொன்னார்: இரண்டு ராகத்திலும் பஞ்சமம், அதாவது ‘ப’ ஸ்வரம் கிடையாது, இப்போது கேட்டதில் நிஷாதமும், அதாவது ‘நி’யும் கிடையாது, இனி வரப்போவதில் நிஷாதம் உண்டு, எங்கே வருகிறது என்று பிடியுங்கள். என் மருமகளுக்குப் பாட்டில் பெரிய நாட்டமெல்லாம் இல்லை. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “இதுதானே மாமா, இந்த இடம்தானே?” என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். இன்று ஆபோகி வந்தால், யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. எந்தச் சபாவின் விளக்கவுரையும் எங்கள் வீட்டு அடுக்களை வரை வந்ததில்லை.

இதே வேலையை அரசாங்கம் ஒருகாலத்தில் பிரம்பெடுத்துச் செய்து பார்த்தது. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாட்டைச் சுருக்கி, சாஸ்திரிய சங்கீதத்துக்கு நேரத்தை வாரி வழங்கினார். இசைக்கான தேசிய நிகழ்ச்சி அந்த ஆண்டுதான் தொடங்கியது. அதற்காக அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் நேயர்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1957-ல் திரைப்பாட்டு ஒலிபரப்பும் விவித் பாரதி சேவை பிறந்த கதை அதுதான். நேரத்தை ஒதுக்கிவிட்டால் காது தானாக வந்துவிடாது. கையைப் பிடித்து அழைத்துப்போக ஒரு குரல் வேண்டும்.

அப்படி அழைத்துப்போனவர்கள் நிலையங்களுக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். சென்னை நிலையத்தின் இசைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய எஸ். ராஜத்தை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற சங்கீத மும்மூர்த்திகளின் படத்தை மாட்டியிருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது அவர் வரைந்த சித்திரத்தின் நகல்தான். வரைந்தவர் யாரென்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்காது. தாய் ராகங்களான 72 மேளங்களில் 40 விவாதி மேளங்கள், அதாவது ஒன்றோடொன்று உரசும் ஸ்வரங்கள் கொண்டவை. பாடினால் தோஷம் என்று பலர் ஒதுங்கிய அந்த ராகங்களை அவர் ஆசையாக எடுத்துப் பாடினார். 72 மேளங்களிலும் தமிழில் கிருதி செய்த கோடீஸ்வர ஐயரின் பாடல்கள் இன்று மேடையில் கேட்கின்றன என்றால், அதில் ராஜத்தின் பங்கு பெரிது.

உள்ளூர்க் கலைஞர்களின் கதை வேறு. எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா நோட்டீஸைப் பாருங்கள். நாகசுரக்காரர் பெயருக்கு முன்னால் ‘அகில இந்திய வானொலிக் கலைஞர்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வானொலியின் கலைஞர் தேர்வில் தேறி ‘பி’ கிரேடு வாங்கிய இளைஞருக்கு அந்த ஒரு வரியால் அடுத்த ஊர்க் கல்யாணம் கிடைக்கிறது. டிசம்பர் மேடை அவருக்கு எப்போது கிடைக்குமோ, தெரியாது. வட்டார நிலையம் தன் நேரத்தை விட்டுக்கொடுத்து வேறு ஊர் நிலையத்தின் நிகழ்ச்சியை வாங்கி அப்படியே ஒலிபரப்பும் ஒவ்வொரு முறையும் இப்படி ஒருவரின் அரைமணி நேரம் போகிறது.

யூடியூபில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, தேடத் தெரிந்தவருக்கு. ஸ்ரீரஞ்சனி என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் எதைத் தட்டித் தேடுவார்? வீட்டில் எல்இடி விளக்கு எரிந்தால் மத்திய அலையில் இரைச்சல் வருகிறது என்பது உண்மைதான். நான் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறேன். என் பேரன் பிரசார் பாரதியின் செயலியில் கேட்கிறான். எப்படியும் கேட்க வழி இருக்கிறது. எப்போது, யார் கச்சேரி என்று தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை.

முன்பெல்லாம் நாளிதழ்களில் அன்றைய வானொலி நிகழ்ச்சிகள் வெளிவரும். ‘வானொலி’ என்ற பெயரிலேயே நிலையத்தார் ஓர் இதழ் நடத்தினார்கள். கச்சேரிக்குக் கோடு போட்டு வைத்துக்கொள்வோம். எனவே என் கோரிக்கை சிறியது. தங்கள் சபா பட்டியலுக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு வானொலி நிலையங்களின் கர்நாடக இசை நிகழ்ச்சிகளுக்கு இதழ்தோறும் அரைப் பத்தி ஒதுக்குங்கள். நிலையங்கள் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே தயாரித்துவிடுகின்றன, கேட்டால் கொடுப்பார்கள். போடும்போது வயலின், மிருதங்கம் வாசிப்பவர்களின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். சிறப்பிதழின் சபா பட்டியலில் பாதிக் கச்சேரிகளுக்கு அதை விட்டுவிட்டீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
துறையூர்