2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: நமது நீச்சல் தடாகத்துக்குச் சூரிய வெப்பமூட்டல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, பெற்றோர்களே,

2024 தை முதல் மார்கழி வரையான காலத்துக்குரிய செயலாளர் அறிக்கையைப் பணிவுடன் சபை முன் வைக்கிறேன். நிர்வாகசபை மாதந்தோறும் கூடியது. கூட்டக் குறிப்புகள் அலுவலகத்தில் பார்வைக்கு உள்ளன. சிறுவர் நீச்சல் வகுப்பு, முதியோரின் காலை வகுப்பு, பக்கவாதத்திலிருந்து மீள்வோருக்கான நீர்ப்பயிற்சி ஆகியன வழமைபோல் நடைபெற்றன. வரவு செலவு விபரங்களைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகவே, இவ்வாண்டில் நமது உழைப்பின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட ஒரே வேலையைப் பற்றி, அதாவது தடாகத்துக்குச் சூரிய வெப்பமூட்டும் தொகுதி பொருத்தப்பட்டதைப் பற்றி, விரிவாகச் சொல்ல அனுமதி கோருகிறேன்.

திருகோணமலையில் தண்ணீரைச் சூடாக்க வேண்டிய தேவை என்ன என்று கடந்த பொதுக்கூட்டத்தில் மூத்த அங்கத்தவர் ஒருவர் கேட்டார். வெந்நீர் வேண்டுமாயின் கன்னியாவில் ஏழு கிணறுகள் இருக்கின்றனவே என்றும் அவர் சொன்னார். நியாயமான கேள்வி அது. பங்குனி முதல் புரட்டாதி வரை நமக்கு இப்படியொரு தேவை இல்லை. ஆனால் வாடைக்காற்று தொடங்கி மாரி மழை பிடித்ததும் நிலைமை மாறிவிடுகிறது. 2024 தை மாதக் காலை வேளைகளில் தடாகத்து நீர் 25 பாகை செல்சியஸ் அளவில் நின்றதை நமது பதிவேடு காட்டுகிறது. போட்டி நீச்சலுக்கு 25 முதல் 28 பாகை வரை ஏற்ற வெப்பநிலை என்பதால், வேகமாக நீந்தும் இளைஞர்களுக்கு அது குறையன்று. தண்ணீருக்குள் மெல்ல நடந்து பயிற்சி செய்பவருக்கோ அதே நீர் வேறொன்றாக இருக்கிறது. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். குளிர்ந்த நீரில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட கைகால்களின் தசைகள் மேலும் இறுகிவிடும். நீர்ச் சிகிச்சைக்கு 32 பாகைக்கு மேற்பட்ட நீரையே இயன்மருத்துவர்கள் விரும்புகின்றனர். கார்த்திகை தொடங்கித் தை முடியும்வரை முதியோர் வகுப்புக்கு வருவோர் ஒவ்வொருவராகக் குறைந்து போவதையும், முன்பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் உதடு நீலம்பாரித்துக் கரையேறுவதையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்தவன் என்ற முறையில், இதற்கு ஒரு வழி காண வேண்டும் என்பது எனது சொந்த விருப்பமாகவும் இருந்தது. எல்லோருக்கும் பொதுவான தடாகம் என்பதால், வகுப்பு நாட்களில் 30 பாகை என்பதை இலக்காகக் கொள்ளலாம் என்று மாசி மாத விசேட கூட்டத்தில் முடிவாயிற்று.

அந்த இலக்கின் பாரத்தை அங்கத்தவர்கள் அறிந்திருத்தல் நல்லது. நமது தடாகம் 12.5 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் சராசரி 1.2 மீற்றர் ஆழமும் உடையது. கொள்ளளவு 90 கன மீற்றர். ஒரு கன மீற்றர் நீரை ஒரு பாகை உயர்த்த 1.16 அலகு (கிலோவாற்று மணி) வெப்பம் வேண்டும். அதன்படி முழுத் தடாகத்தையும் ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 105 அலகும், 25 பாகையிலிருந்து 30 பாகைக்குக் கொண்டுவர 520 அலகுக்கு மேலும் தேவைப்படும். இதை நேரடி மின்சாரத்தால் செய்வதை 2022 ஆகஸ்ட்டிலும் 2023 பெப்ரவரியிலும் ஏறிய மின்கட்டணத்தைக் கண்ட எவரும் நினைத்தும் பார்க்க மாட்டார்கள். இவ்வாண்டில் கட்டணம் இரு தடவைகள் குறைக்கப்பட்டபோதும் அந்தக் கணக்கு நமக்குச் சாதகமாகவில்லை.

மின்சாரத்தால் இயங்கும் வெப்பப் பம்பி ஒன்றை வாங்கலாம் என்று சில அங்கத்தவர்கள் வாதிட்டார்கள். சூடும் ஈரப்பதமும் மிக்க காற்றில் அது செலவிடும் மின்சாரத்தின் நான்கைந்து மடங்கு வெப்பத்தைத் தரும் என்பதால், அவர்களது வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. கூரையில் மின்சாரம் தரும் சோலர் தகடுகளை வைத்து அந்தப் பம்பியை ஓட்டலாம் என்ற யோசனையும் வந்தது. உவர்மலையில் நாம் இருக்கும் இடத்தில் கடற்காற்றின் உப்பு பம்பியின் மெல்லிய உலோக இதழ்களை அரித்துவிடும் என்ற அச்சமும், பழுதுபார்ப்பவரை வெளியூரிலிருந்து அழைக்க வேண்டிவரும் என்ற கவலையும் நம்மை வேறு பக்கம் திருப்பின.

விலைமனு தந்த மூவரில் ஒருவர், வீடுகளில் குளியலறைக்கு வெந்நீர் தரும் கண்ணாடி மூடிய, செப்புக் குழாய் கொண்ட சூரிய வெப்பச் சேகரிப்பான்களையே பரிந்துரைத்தார். அவை 60 பாகை நீருக்காக ஆனவை. நமக்கு வேண்டியது காற்றின் வெப்பநிலையைவிடச் சில பாகைகளே கூடிய நீர்; அத்தகைய நீரைத் தரும் சேகரிப்பானிலிருந்து காற்றுக்கு இழக்கப்படும் வெப்பம் சொற்பமே என்பதால், அதைக் காக்கக் கண்ணாடி தேவையில்லை. குளோரின் கலந்த நீரின் அமிலத்தன்மை சற்றுக் கூடினாலும் செம்பு கரைந்து தடாகச் சுவரில் நீலப்பச்சைக் கறை படியும். ஆகவே கண்ணாடி இல்லாத, பொலிப்புறோப்பிலீன் என்னும் கரிய பிளாஸ்டிக்கால் ஆன குழாய்ப் பாய்களைத் தெரிவு செய்தோம். வேலையாட்கள் அவற்றைக் கறுப்புப் பாய் என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரே சங்கத்தில் நிலைத்துவிட்டது. தடாகத்தின் மேற்பரப்பில் பாதி முதல் முழு அளவு வரை சேகரிப்பான் பரப்பு இருக்க வேண்டும் என்பது பொது வழக்கு. நமது நீர்ப்பரப்பு 75 சதுர மீற்றர்; உடைமாற்றும் அறைகளின் கூரையில் 60 சதுர மீற்றருக்கு இடம் கிடைத்தது.

அந்தக் கூரை தெற்கு நோக்கி 20 பாகை சாய்ந்திருப்பது நமது நல்வாய்ப்பு. நமது ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.5 பாகையில் இருக்கிறது. ஆனியில் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. மார்கழியிலோ நண்பகலில்கூடத் தெற்கு அடிவானத்திலிருந்து 58 பாகை உயரத்திலேயே நிற்கிறது. வெப்பம் வேண்டிய மாதங்களில் சூரியன் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையை நோக்கியே நமது கூரையும் இருக்கிறது.

பாய்களைக் கட்டும் முறையைப் பற்றி நிர்வாகசபை அதிக நேரம் பேசியது. 1964 மார்கழிச் சூறாவளியைக் கண்டவர்கள் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி நமக்கு வடக்கே கரைகடந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். கல்வனைஸ் பட்டிகள் இரண்டு மாரிக்குள் துருவேறிவிடும் என்பதால், விலை கூடினாலும் கடல் உப்பைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டிகளும் ஆணிகளுமே வேண்டும் என்று வற்புறுத்தினோம். கச்சான் காற்று வீசும் வறண்ட காலமான ஆடி, ஆவணி மாதங்களில் கூரை வேலை முடிந்தது.

தொகுதி இயங்கும் விதம் எளிது. வடிகட்டியைக் கடந்து வரும் நீரை ஒரு மின்வால்வு கூரைக்குத் திருப்பிவிடுகிறது. கூரையில் ஒன்றும் குழாயில் ஒன்றுமாக இரண்டு வெப்ப உணரிகள் உள்ளன. கூரை நீரைவிடச் சில பாகைகள் சூடேறியதும் வால்வு திறக்கும், வித்தியாசம் குறைந்ததும் மூடும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 240 லீற்றர் நீர் பாய்களுக்கு ஊடாகச் செல்கிறது. திரும்பி வரும் நீரில் கைவைத்துப் பார்த்த பலர் அது சுடவில்லையே என்று ஏமாற்றத்துடன் என்னிடம் முறையிட்டார்கள். சுடக்கூடாது என்பதே உண்மை. நல்ல வெயிலில் பாய்க்குள் போகும் நீருக்கும் வெளிவரும் நீருக்கும் இரண்டு பாகை அளவே வித்தியாசம் இருக்கும். நீரை மெதுவாக விட்டு அதிகம் சூடாக்கினால், சூடான பாய் அந்த வெப்பத்தைக் கடற்காற்றுக்கே கொடுத்துவிடும். அதிக நீர், சிறிய ஏற்றம் என்பதே இத்தொகுதியின் முறை. வெயில் நாளில் இப்படி 140 முதல் 180 அலகு வரை வெப்பம் கிடைக்கலாம் என்பது நமது கணிப்பு. பம்பி அதற்காகச் செலவிடுவது 5 அலகு அளவு மின்சாரமே. முன்னர் இரவிலும் அதிகாலையிலும் ஓடிய வடிகட்டிப் பம்பியை இப்போது காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை ஓட்டுகிறோம்.

புரட்டாதியில் ஓட்டிப்பார்த்த முதல் வாரத்திலேயே மூன்று இணைப்புகள் கசிந்தன. பம்பி நிற்கும்போது கூரையிலுள்ள நீர் தன் பாரத்தால் கீழே இறங்க, மேலே வெற்றிடம் உண்டாகிக் குழாய்களை உள்ளிழுக்கும். அதைத் தடுக்கக் காற்றை உள்ளே விடும் வால்வு ஒன்று தொகுதியின் அதியுயர்ந்த புள்ளியில் இருக்க வேண்டும். பொருத்தியவர்கள் அதை ஏணி வைக்க வசதியான தாழ்ந்த இடத்தில் வைத்திருந்தார்கள். காரணத்தைக் கண்டறிந்தவர் நமது பராமரிப்புக் குழுவின் இளைஞர் ஒருவர். வால்வை மேலே மாற்றியபின் கசிவு நின்றது. ஒப்பந்தப் பணத்தில் கடைசிப் பகுதியை அதுவரை கொடுக்காமல் வைத்திருந்தது நல்ல முடிவாயிற்று.

அடுத்த குறை எனது பொறுப்பில் நிகழ்ந்தது. செலவைக் குறைக்கும் எண்ணத்தில், இரவில் நீர்ப்பரப்பை மூடும் தடாகப் போர்வையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடலாம் என்று முன்மொழிந்தவன் நானே. ஐப்பசியில் பகலெல்லாம் ஒன்றரைப் பாகை ஏறிய நீர், மறுநாள் விடியும்போது ஏறத்தாழ அதே அளவு இறங்கி நின்றது. ஒரு வாரமாகப் பதிவேட்டில் இதையே எழுதியபின்தான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். தடாகங்கள் இழக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு ஆவியாதலால் போகிறது. ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.67 அலகு வெப்பத்தைத் தன்னுடன் கொண்டுபோகும். நமது நீர்ப்பரப்பில் ஒரு மில்லிமீற்றர் குறைந்தால் அது 75 லீற்றர், அதாவது 50 அலகு. முழுத் தடாகமும் அரைப் பாகை குளிர்ந்துவிடும். வாடைக்காற்று வீசும் ஓர் இரவில் மூன்று மில்லிமீற்றர் போவது பெரிய விடயமல்ல. கூரையில் நாள் முழுவதும் சேர்த்ததை இரவு முழுவதும் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். போர்வையை முதலில் வாங்கியிருக்க வேண்டும். இனி இத்தகைய வேலையில் இறங்கும் எந்தச் சங்கத்துக்கும் இதையே சொல்வேன்.

கார்த்திகை முதல் வாரத்தில் குமிழ்ப் போர்வை வந்து சேர்ந்தது. 75 சதுர மீற்றரை ஒரே விரிப்பாகக் கையாள முடியாதென்பதால் மூன்று துண்டுகளாக வெட்டினோம். அன்று முதல் இரவு இறக்கம் அரைப் பாகை அளவுக்குச் சுருங்கியது. கார்த்திகை நடுவில் காலை ஆறு மணிக்கு நீர் 29.5 பாகையில் நின்றதை முதல் தடவை பதிந்தபோது, முதியோர் வகுப்பிலிருந்து விலகியிருந்தவர்களுக்கு அன்றே தொலைபேசியில் செய்தி சொன்னோம். வந்தவர்களில் பலர் தை வரை தொடர்ந்து வந்தார்கள்.

நவம்பர் கடைசி வாரத்தில், பின்னர் ஃபெங்கல் சூறாவளி எனப் பெயர்பெற்ற ஆழ்ந்த தாழமுக்கம் நமது கரையோரமாக நகர்ந்த நாட்களில் சூரியனே தென்படவில்லை. பெருமழை நீரும் தடாகத்தில் சேர்ந்தது. நீர் 26 பாகைக்கு இறங்கியதால் முதியோர் வகுப்பை ஒரு வாரம் நிறுத்தினோம். பாய்களுக்கோ பட்டிகளுக்கோ சேதம் ஏற்படவில்லை. மீண்டும் வெயில் வந்த நான்காம் நாள் நீர் 29 பாகையை எட்டியது. சூரியனை நம்பிய தொகுதிக்குச் சூரியன் இல்லாத வாரங்கள் உண்டு என்பதை அங்கத்தவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். மார்கழி நாட்காட்டியை அச்சிடும்போது இதை மனத்தில் வைத்தே வகுப்புகளை ஒழுங்குசெய்துள்ளோம்.

எதிர்பாராத பயன் ஒன்றும் உண்டு. புரட்டாதியில் பிற்பகல் நீர் 32 பாகையைத் தாண்டிப் போட்டிக்குப் பயிலும் பிள்ளைகள் களைத்தபோது, நீரை இரவில் கூரைக்கு அனுப்பிப் பார்த்தோம். கண்ணாடி இல்லாத பாய்கள் தெளிந்த வானத்துக்கு வெப்பத்தை விட்டன. விடியும்போது நீர் ஒரு பாகை குறைந்திருந்தது.

நீர் சூடாகும்போது குளோரின் விரைவில் செலவாகும் என்பதால் பரிசோதனையை நாளொன்றுக்கு மூன்று தடவையாக்கியுள்ளோம். குளோரின் சேர்க்கும் இடம் பாய்களுக்குப் பின்னரே இருக்க வேண்டும். அதை மாற்றி அமைத்துவிட்டோம். அதிக அளவில் குளோரின் இடும் நாளில் போர்வை விரிக்கப்படக் கூடாது.

வரும் ஆண்டில் போர்வையைச் சுற்றிவைக்கும் உருளை ஒன்றை வாங்க நிர்வாகசபை சபையின் அனுமதியைக் கோருகிறது. அது வரும்வரை ஒவ்வொரு மாலையும் ஆறரை மணிக்கு விரிக்கவும், காலை ஐந்தே முக்காலுக்கு எடுக்கவும் நால்வர் தேவை. இதுவரை பயிற்சியாளர்களும் காவலாளியும் மூத்த மாணவர்கள் இருவருமே இதைச் செய்து வருகிறார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன். கூரை வேலையை வெயிலில் நின்று செய்தவர்களுக்கும், ஓராண்டு முழுவதும் காலையும் மாலையும் வெப்பநிலையைப் பதிந்துதந்த உறுப்பினர்களுக்கும் அவ்வாறே. போர்வைப் பணிக்கான முறைப்பட்டியல் அலுவலகக் கதவில் ஒட்டப்பட்டுள்ளது. செவ்வாய், வியாழன் மாலைகளுக்கு இன்னும் பெயர்கள் வேண்டும். கூட்டம் முடிந்து செல்லும்போது இயன்றவர்கள் தங்கள் பெயரை எழுதிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு சபையை வேண்டுகிறேன்.

செயலாளர்,
திருகோணமலை