டி.எம்.டி. அறிக்கையில் 'மெட்' எண்ணையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாரடைப்புக்குப் பிறகோ ஸ்டென்ட் வைத்த பிறகோ டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுப்பவர்கள் அறிக்கையில் முதலில் தேடுவது, அடைப்பின் அறிகுறி தெரியவில்லை என்னும் 'நெகட்டிவ்' என்ற சொல்லைத்தான். அதே தாளில் 'மெட்' என்று ஓர் எண்ணும் இருக்கும். நோயாளியின் உடல் எவ்வளவு வேலை தாங்கும் என்பதைச் சொல்வது அதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லி ஆக்சிஜன் செலவாகிறது என்று கொண்டு, அதை 1 மெட் என்கிறார்கள். நிதானமாக மாடிப்படி ஏற 4 மெட் வேண்டும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏற 8-க்கு மேல் வேண்டும். பழைய வேலைக்குத் திரும்பலாமா என்பதை இந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

அந்த எண்ணே தப்பாக வந்தால் என்ன ஆகும்? தப்பாக வருகிறது; அதற்குப் பெரிய காரணம் கைப்பிடி.

டிரெட்மில் ஆக்சிஜனை அளப்பதில்லை. பெல்ட்டின் வேகத்தையும் சாய்வையும் சூத்திரத்தில் போட்டுக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சாய்வும் கூடும் வழக்கமான புரூஸ் முறையில் முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 சதவீதச் சாய்வு: சுமார் 4.6 மெட். அடுத்த 3 நிமிடம் 4 கி.மீ., 12 சதவீதம்: 7 மெட். மூன்றாம் கட்டம் 5.5 கி.மீ., 14 சதவீதம்: 10 மெட். கைப்பிடியை இறுகப் பற்றி, முழங்கையை நீட்டி, பின்னால் சாய்ந்து தொங்கியபடி ஒருவர் இரண்டாம் கட்டத்தை முடித்தாலும் மெஷின் அதே 7-ஐ அச்சடிக்கும். எடையில் ஒரு பங்கைக் கைகள் சுமந்தது அதற்குத் தெரியாது. 5 மெட் மட்டுமே தாங்கக்கூடியவர் 7 என்ற அறிக்கையோடு வேலைக்குப் போவது இப்படித்தான்.

ஓடும் பெல்ட்டில் முதன்முறை ஏறுபவர் பயத்தில் பிடிக்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. சோதனைக்கு முன் ஓரிரு நிமிடம் சமதளத்தில் மெதுவாக நடக்கவிட வேண்டும். கீழே பார்க்காமல் நேராகப் பார்க்கச் சொல்ல வேண்டும். தள்ளாட்டம் இருந்தால் இரண்டு விரலை மட்டும் கைப்பிடியில் வைக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏற்றுவதும் சேலையோடு ஏற்றுவதும் நடையைக் கெடுக்கும். கேன்வாஸ் ஷூவும் சுடிதாரும் போட்டு வரும்படி முதல் நாளே சொல்லிவிடலாம்.

கட்டம் மாறியதும் ஆக்சிஜன் செலவு உடனே ஏறிவிடாது. இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும், இதய நோயாளிகளுக்கு இன்னும் தாமதமாகும். மூன்றாம் கட்டத்தில் 20 விநாடி நடந்து இறங்கியவருக்கு 10 மெட் என்று போடுவது அபத்தம். பலவீனமானவர்களுக்குப் புரூஸ் முறையின் படிகளே மிகப் பெரியவை. 8 முதல் 12 நிமிடத்துக்குள் முடியும்படி சிறிது சிறிதாக ஏறும் 'ரேம்ப்' முறைதான் அவர்களுக்குப் பொருந்தும்.

220-லிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீத நாடித்துடிப்பு வந்ததும் மெஷினை நிறுத்திவிடும் பழக்கமும் உண்டு. அப்படி நிறுத்தினால் கிடைப்பது நோயாளியின் உச்சத் திறன் அல்ல. நாடித்துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கோ துடிப்பு அந்த அளவுக்கு ஏறாமலே போகலாம். நெஞ்சுவலி, ஈ.சி.ஜி. மாற்றம், ரத்த அழுத்தம் இறங்குவது போன்ற ஆபத்து அறிகுறி ஏதும் இல்லையென்றால், எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதை நோயாளியே 6 முதல் 20 வரை எண்ணில் சொல்லும் போர்க் அளவுகோலில் 17 ('மிகக் கடினம்') என்று அவர் சொல்லும்வரை நடக்கவிடலாம். உடல்திறனை அளக்கும் சோதனைக்கு மாத்திரையை வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டே வர வேண்டும். அடைப்பைக் கண்டறியும் சோதனைக்குச் சில நேரம் நிறுத்தச் சொல்வார்கள். அது மருத்துவர் சொன்னால் மட்டுமே. தானாக நிறுத்துவது ஆபத்து.

எந்த முறை, எத்தனை நிமிடம், கைப்பிடி பிடித்தாரா, எதனால் நிறுத்தப்பட்டது, மாத்திரை சாப்பிட்டிருந்தாரா: இந்த ஐந்தும் அறிக்கையில் மெட் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து எடுக்கும் சோதனையோடு ஒப்பிடவே முடியாது.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இது போதாது. இதய மாற்று சிகிச்சை தேவையா என்று பார்க்க, உச்ச ஆக்சிஜன் செலவு கிலோவுக்கு நிமிடத்துக்கு 14 மில்லி, பீட்டா பிளாக்கர் சாப்பிடுவோருக்கு 12 மில்லி என்று எல்லை வைத்திருக்கிறார்கள். 14 மில்லி என்பது 4 மெட்தான். அந்த எல்லைக்கு அருகில் இருப்பவருக்கு முகமூடி மாட்டி மூச்சுக்காற்றையே அளக்கும் சி.பெட். சோதனை எழுதிக்கொடுங்கள் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இதய மறுவாழ்வுப் பிரிவு ஊழியர்கள்,
மதுரை.