ஆற்றுக்கு அக்கரையில்தான் தேர்தல்

ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபரை ‘மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்’ என்று தங்கள் செய்திக் கட்டுரை குறிப்பிட்டிருந்தது. அப்படியன்று. மாநில வாரியாக ஒதுக்கப்பட்டு, அதிபருக்கு வாக்களிப்பதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுக்கும் 538 தேர்வாளர்களில் குறைந்தது 270 பேரின் வாக்கைப் பெறுபவரே அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர்த்த 48 மாநிலங்களில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அம்மாநிலத் தேர்வாளர்கள் அத்தனை பேரும். 2016-இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் சுமார் 29 லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றும் தோற்றது இதனால்தான்.

2024 அக்டோபரில் நியூஜெர்சியில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். தேர்தல் நடக்கப்போகிற ஊர்தானா என்று ஐயப்படும்படி தெரு அமைதியாக இருந்தது. டெலாவேர் ஆற்றுப் பாலத்தைக் கடந்து பென்சில்வேனியாவுக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு வேட்பாளர் பெயர்ப்பலகைகள்! (நம் ஊர்ச் சுவர் விளம்பரங்களே தேவலை என்று தோன்றியது.) 19 தேர்வாளர்களைக் கொண்ட அம்மாநிலம் எந்தப் பக்கமும் சாயக்கூடியது, நியூஜெர்சியின் முடிவோ பல தேர்தல்களாக முன்கூட்டியே தெரிந்தது. எனவே, நாடு தழுவிய கருத்துக்கணிப்பை வெளியிடும்போது, இழுபறி மாநிலங்களின் நிலவரத்தையும் தேர்வாளர் எண்ணிக்கையுடன் அருகிலேயே கட்டம் கட்டித் தாருங்கள்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்