மானியம் படகுக்கு மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாக் நீரிணையில் இழுவைமடி என்ற வலையைக் கடலடியில் இழுத்து மீன்பிடிக்கும் இழுவைப் படகுகளைக் குறைத்து, மீனவர்களுக்கு ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகு தரும் திட்டம் 2017-ல் வந்தது. அப்போது படகு விலை 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, மீனவர் 10. காகிதத்தில் தாராளம்தான். ஆனால் இன்று போய் நாளை கரையேறி, ஏலத்தில் காசு பார்த்தவர், இனி நாள்கணக்கில் கடலில் கிடக்க டீசல், ஐஸ், ஆட்களுக்கான பேட்டா (படிக்காசு) எல்லாவற்றுக்கும் முன்பணம் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் வியாபாரியிடம்தான் போவார். முன்பணம் தந்த அந்த வியாபாரி சொல்வதே மீனுக்கு விலை. இழுவைமடி கடலடியைச் சுரண்டுகிறது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. முதல் சில பயணங்களுக்காவது கூட்டுறவுச் சங்கம் வழியாக இந்தப் பயணச் செலவுக்கான நடைமுறை மூலதனம் கொடுங்கள் என்கிறேன்.

– வாசகர், ராமநாதபுரம்