உன் முகத்தில் கொஞ்சம் கடல்

அன்புள்ள கண்ணம்மா,

போன வாரம் போனில் என்ன செய்கிறாய் என்று கேட்டாயே, சும்மாதான் இருக்கிறேன் என்றேன். பொய். உன்னை வரைந்துகொண்டிருந்தேன். காகிதத்தில் எண்ணெய் வண்ணம், 10-க்கு 15 சென்டிமீட்டர், கையகலம்தான். கடலோரத்தில் முடியெல்லாம் முகத்தில் அடிக்க நிற்கிறாயே, அந்தப் போட்டோவைப் பார்த்து.

முதல் படம் வீணாய்ப் போனது. அவசரத்தில் வெறும் காகிதத்திலேயே தொடங்கிவிட்டேன், மறுநாள் பார்த்தால் எண்ணெய் ஊறி உன் தலையைச் சுற்றி மஞ்சளாக ஒளிவட்டம்! சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும், ஆளிவிதை எண்ணெய் நேராக இறங்கினால் நாளாக ஆகக் காகிதமே பழுப்பேறி நொறுங்கும். அதனால் அடுத்ததற்கு சதுர மீட்டருக்கு 300 கிராம் வரும் தடித்த பருத்திக் காகிதம், நாலு ஓரமும் பலகையில் டேப், எண்ணெய் இறங்காமல் தடுக்கும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு தடவை, நடுவில் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு.

பின்னணியில் கடலை வரையவில்லை. அது போஸ்டர் மாதிரி ஆகிவிடும். முகத்துக்குள்ளேயே வைத்துவிட்டேன். அந்தக் காலத்து இத்தாலிய ஓவியர்கள் பச்சை மண் நிறத்தை அடியில் பூசி அதன் மேல்தான் தோல் நிறத்தை ஏற்றினார்கள். நானும் அப்படிச் செய்து, தாடைக்கு அடியிலும் கழுத்து நிழலிலும் அந்தப் பச்சையை மூடாமல் விட்டேன். உன் நிறத்துக்கு வெள்ளையைக் கலந்துகொண்டே போனால் சாம்பல் பூத்துவிடுகிறது, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்போடு கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலம் சேர்த்த பிறகுதான் உயிர் வந்தது. பிரஷ்யன் நீலத்திடம் மட்டும் ஜாக்கிரதை, கடுகளவு பட்டதற்கே உன் மூக்கை விழுங்கிவிட்டது. முடி ஓரத்து நுரைக்கு வெள்ளையைக் கத்தியால் தடிப்பாக வைத்தேன்.

இத்துனூண்டா என்று கேட்காதே. 1824-ல் இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் உடம்பு சரியில்லாத மனைவியைப் பிரைட்டன் கடற்கரைக்கு அழைத்துப் போனபோது, வண்ணப் பெட்டியை மடியில் வைத்து அதன் மூடிக்குள்ளேயே காகிதத்தைப் பொருத்தி, எண்ணெய் வண்ணத்தில் கடலை இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் வரைந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வயதில் விழுந்து புருவத்தில் தழும்பு வந்ததே, அது இடதா வலதா? போட்டோவில் முடி மறைத்திருக்கிறது. ரத்தத்தைத் துடைத்தவள் நான், எனக்கே ஞாபகம் வரவில்லை. வீடியோ காலில் உற்றுப் பார்த்தேன், நீயோ நடந்துகொண்டே பேசுகிறாய். கேட்க வெட்கப்பட்டு இரண்டு புருவத்தின் மேலும் முடியை இறக்கிவிட்டேன், அதுதான் மனதுக்கு ஒப்பவில்லை.

எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுது. எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாவதில்லை, காற்றைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகத்தான் இறுகும். முடி இன்னும் ஈரம்தான், விலக்கிவிடலாம்.

அம்மா