அண்டாவுக்குப் பின்னால் நின்றவர்

கொடைக்கானல்,
ஐப்பசி கடைசி.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். பத்து நாளாக மழை விடவில்லை. ஏரிப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. போட்டோ கடையை நாலு மணிக்கே சாத்திவிடுகிறேன். போனில் பேசும்போது நீ யார் கல்யாணத்திலாவது படம் எடுக்கிற வேலைக்கு நடுவில் இருக்கிறாய், எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது, பழைய கல்யாணங்களில் ஆல்பத்துக்கு எடுக்காத படங்களையெல்லாம் அழிக்கப்போகிறேன் என்று சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. அழிக்காதே பாப்பா. கண் மூடிய படம், ஆடிப்போன படம் போகட்டும். மற்றதை வைத்திரு. ஏன் என்று சொல்கிறேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

1998-ல் பண்ணைக்காட்டில் ஒரு கல்யாணம். தை மாதம், விடியற்காலை முகூர்த்தம். முந்தின நாள் இரவே போய்விட்டேன். நாலரை மணிக்குக் குளிர் தாங்காமல் சமையல் பந்தலுக்குப் போய் அடுப்பில் கை காய்ந்துகொண்டிருந்தேன். சாம்பார் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆவியும் பனியும் கலந்து அவரைச் சுற்றி நின்றது, தலைக்குப் பின்னால் ஒரே ஒரு குண்டு பல்பு. ஒரு படம் எடுத்தேன். ரோலுக்கு 36 படம்தான் என்ற காலம் அது. மாலை மாற்றுவதற்கும் தாலி கட்டுவதற்கும் எண்ணி எண்ணி வைத்திருப்போம். அதில் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். பெண் வீட்டார் அதை ஆல்பத்துக்குக் கேட்கவில்லை. நானும் பிரிண்ட் போடவில்லை.

ஏழு வருஷம் கழித்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். அந்தச் சமையல்காரரின் மகள். அப்பா தவறிவிட்டார், பதினாறாம் நாளுக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம்கூட இல்லை என்றாள். நூறு கல்யாணத்துக்குச் சமைத்தவர், எந்தக் கல்யாண ஆல்பத்திலும் அவர் இல்லை. பண்ணைக்காட்டில் யாரோ கேமராக்காரர் அவரைப் படம் எடுத்ததாக அவர் வீட்டில் சொல்லியிருந்திருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு விசாரித்து வந்திருந்தாள்.

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. மாடிப்படிக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிலிமின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டின்தான் பூஞ்சைக்குச் சாப்பாடு. நம் ஊர் ஈரத்தில் ஏழு மழைக்காலம் அதற்குப் போதும். அந்தக் கல்யாணத்து ரோலைப் பிரித்தேன், படம் தோலோடு உரிந்து வந்தது. கையில் மிஞ்சியது வெறும் பிளாஸ்டிக்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். அப்புறம், "அப்பா எப்படி நின்னாருன்னு ஞாபகம் இருக்கா சார்?" என்று கேட்டாள். சொன்னேன். தோளில் கிடந்த துண்டு, கரண்டியைப் பிடித்திருந்த கை, நிமிர்ந்து பார்த்த கண் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்த மாதம்தான், சூட்டில் ஈரம் அண்டாமல் இருக்கட்டும் என்று, கடையில் பீரோவுக்குள் ஜீரோ வாட் பல்பு மாட்டினேன். "விளக்கு பீரோ" என்று நீ தோழிகளைக் கூட்டிவந்து காட்டுவாயே, அது வந்த கதை இதுதான்.

நம் ஊர் சூரிய ஆய்வகத்துக்கு உன்னை அழைத்துப்போயிருக்கிறேன். 1904-லிருந்து, மேகம் விட்ட நாளிலெல்லாம் அங்கே சூரியனைப் படம் எடுத்திருக்கிறார்கள், கண்ணாடித் தகட்டிலும் பின்னால் பிலிமிலும். நேற்று எடுத்ததும் இன்று எடுத்ததும் பார்வைக்கு ஒரே மாதிரி வட்டம்தான். யாரும் தூக்கிப் போடவில்லை. நூறு வருஷத்துப் படங்களையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டார்கள். சூரியப் புள்ளிகள் எப்படிக் கூடிக் குறைந்து வந்தன என்று பார்க்கிறவர்களுக்கு அந்தச் சாதாரண நாட்களின் படங்கள்தான் இன்று வேண்டியிருக்கின்றன.

அதனால் இரண்டு டிஸ்க் வாங்கு. பணம் நான் அனுப்புகிறேன். இரண்டிலும் ஒரே படங்களைப் போட்டு, ஒன்றை உன்னிடம் வைத்துக்கொள், ஒன்றை இங்கே அனுப்பு. தூத்துக்குடி உப்புக்காற்று இரும்பையே தின்னும். இங்கே ஈரம் இருந்தாலும் நம்மிடம் விளக்கு பீரோ இருக்கிறது. லென்ஸ் பையில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டிருக்கிறாயா? நீல மணிகள் ரோஸ் நிறமாகிவிட்டால் வறுத்து எடு, திரும்பவும் நீலமாகும். சமைக்கிற சட்டியில் வேண்டாம், அதற்கென்று ஒரு பழைய வாணலி வைத்துக்கொள்.

உப்பளத்தில் எடுத்து அனுப்பிய கல்யாண ஜோடிப் படங்களைப் பார்த்தேன். அந்தப் பெண் சிரிப்பதும் மாப்பிள்ளை செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பதும் அருமை. ஆனால் உப்பு சாம்பல் நிறமாக இருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளையைப் பார்த்தால் வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வேண்டுமானால் ஒன்றரை ஸ்டாப் கூட்டி வை. உப்பு உப்பாகத் தெரியும். பெண்ணின் முகம் வெளுத்துப்போகாமல் மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள். இது எனக்கு மூடுபனி சொல்லிக்கொடுத்த பாடம். முதல் இரண்டு வருஷம் நான் எடுத்த பனியெல்லாம் அடுப்புப் புகை மாதிரி இருந்தது.

மூடுபனி என்றதும் மலை விளிம்பில் நாம் நடக்கும் பாதை, கோக்கர்ஸ் வாக், ஞாபகம் வருகிறது. உனக்கு ஏழு வயது. வெயில் நம் முதுகில், பள்ளத்தில் மேகம். நம் இரண்டு பேர் நிழலும் மேகத்தின் மேல் விழுந்தது. "அப்பா, என் தலையைச் சுத்தி வானவில் இருக்கு, உனக்கு இல்லை" என்றாய். எனக்கோ என் தலையைச் சுற்றித்தான் தெரிந்தது. அங்கே அவரவர் நிழலுக்குத்தான் அந்த வளையம் தெரியும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கேமராவை உன் உயரத்துக்கு இறக்கி, உன் கன்னத்தோடு ஒட்டிவைத்து எடுத்தேன். அந்தப் படத்தில் வளையம் உன் தலைக்குத்தான்.

இன்னொன்று. கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் படம் தெரியுமல்லவா, அம்மா கடலைப் பார்த்து நிற்பது. உனக்கு நாலு வயதில் முடி இறக்கத் திருச்செந்தூர் போனபோது எடுத்தது. அம்மா கடலைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. நான் சூரியன் கடலிலிருந்து எழும்புவதையே முப்பது படம் எடுத்தேன். அம்மாவை ஒன்றே ஒன்று, அதுவும் பின்னாலிருந்து, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி. முகம் இல்லாத படம் என்று பல வருஷம் பிரிண்ட் போடாமல் விட்டேன். அம்மாவின் பீரோவில் கிடந்ததால் அந்த ஒரு நெகட்டிவ் பூஞ்சைக்குத் தப்பியது. இப்போது அந்த முப்பது சூரியனும் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

மார்கழியில் உனக்குக் கல்யாண வேலை குறைவாக இருக்கும். அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். மதுரையில் பஸ் மாறி மாலைக்குள் வந்துவிடுவோம். மறுநாள் விடியுமுன் திருச்செந்தூர் போகலாம். காலையில் வெயில் கடல் பக்கமிருந்து வரும், அதனால் நீ முட்டி அளவு தண்ணீரில் இறங்கி, கரையைப் பார்த்து நின்றால் அம்மா முகத்தில் நல்ல வெளிச்சம் விழும். கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள், அலையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இரு. படத்தை நீ எடு. நான் அம்மா பக்கத்தில் நிற்கிறேன்.

அம்மா பூம்பாறைப் பூண்டு இரண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறாள். வேறு என்ன வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
அப்பா